சுரண்டிப் பார்த்த பச்சை

சூலியா தெருவில் நான் வழக்கமாக உட்காரும் கடையில் இன்று காலை ரொட்டி கருகிவிட்டது. கோப்பி கலக்குகிறவர் அதை எறியவில்லை. வெண்ணெய்க் கத்தியின் முதுகால் கருகலைச் சுரண்ட ஆரம்பித்தார். சரக், சரக், சரக். கரித்தூள் ஈயத்தட்டில் உதிர்ந்தது. நான் கிளாசைக் கீழே வைத்தேன். அந்தச் சத்தமும் அந்த வாசனையும் தனித்தனியாக வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. சேர்ந்து வந்தால் ஒரு பெண்மணி கருத்த மரத்தின் முன்னால் குனிந்து, மோட்டார்ச் சாவியால் சுரண்டிக்கொண்டு நிற்பது தெரிகிறது.

"உள்ள பச்சையா இருக்கா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"ரொட்டிண்ணே. வாழை இல்ல," என்றார் கலக்குகிறவர், சுரண்டலை நிறுத்தாமல்.

அந்தப் பெண்மணியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. கியூசி அக்கா என்போம், கியூசி என்றால் தரச் சோதனை. மின்பொருள் தொழிற்சாலையில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் குனிந்து, கடுகளவு பாகங்களில் எது நல்லது எது கெட்டது என்று பிரித்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. ஓய்வு பெற்ற பிறகும் கண்கள் ஓய்வு பெறவில்லை. தேநீரைப் பார்த்து "பாஸ்" என்பார். மணி கொண்டுவரும் வடையைப் புரட்டிப் பார்த்து "ரிஜெக்ட்" என்பார், பிறகு அதையே தின்பார். மணி லாரி ஓட்டுகிறவன். "அக்கா, ரிஜெக்ட் வடைக்கு வயித்துல எடம் இருக்கா?" என்பான். "பாஸான வடை இன்னும் வரலையே லா, அதுவரைக்கும் இதான்," என்பார்.

மலை என்றால், ஆயர் ஈத்தாம் பக்கம் வீடுகளுக்குப் பின்னால் எழும் சரிவுகளில் ஒன்று. பாதி ஏற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றவேண்டும். அந்தத் தண்ணீரில் கொதிக்கும் தேநீரை யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். அங்கே இருந்த சட்டம் அது ஒன்றுதான். தேநீர்க் கெத்தலும் அடுப்பும் ஒரு சீனப் பெரியவர் பொறுப்பில். ஆ பெக் என்று கூப்பிடுவோம். மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுவார். எனக்குச் சர்க்கரை கூடிப்போய் டாக்டர் நடக்கச் சொன்ன காலம். ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து அக்கா ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வந்து, அடிவாரத்தில் நிறுத்தி, அது நிற்கிறதா என்று ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறுவார்.

ஏறும்போது திடீரென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு "இரு" என்பார். நான் நிற்பேன். என்னைத்தான் சொன்னாரா, தன் முழங்காலையா, படபடக்கும் நெஞ்சையா? கேட்டால், "யாருக்குக் கேட்டுச்சோ அவங்க இருக்கட்டும்," என்பார்.

இருக்கா, இருக்கியா, இருக்காங்களா. அவருடைய பேச்சை வடிகட்டினால் இந்த மூன்றுதான் மிஞ்சும். கொட்டகைப் பெஞ்சில் மணி கண்ணயர்ந்தால் அவன் மூக்கடியில் விரலை வைப்பார். அவன் தும்மிக்கொண்டு எழுவான்.

"அக்கா, நான் இன்னும் சாவல. செத்தா நானே சொல்றேன்."

"செத்தவன் எவன்டா வந்து சொன்னான்?"

காலையில் எனக்கு போன் வரும். "இருக்கியா?" "இருக்கேங்க்கா." அவ்வளவுதான், வைத்துவிடுவார். எனக்கு மட்டும் இல்லை, மணிக்கு, தன் மகளுக்கு, ஆ பெக்குக்கும்கூட. ஆ பெக் போனை எடுத்ததும் இருமுவார். அந்த இருமலே அவருடைய பதில். நாங்கள் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் ஒரு நாள் போன் வரத் தாமதமானால் பல்துலக்கிக்கொண்டே போனைப் பார்ப்பேன். அவர் கேட்காதவரை நான் இருப்பது உறுதியாகாதது போல ஒரு அரிப்பு.

பிறகு மலை எரிந்தது.

சீனப் பெருநாள் முடிந்து மழையே இல்லாத மாதங்கள். ஏறும்போது சருகுகள் அப்பளம் போல நொறுங்கின. குப்பை கொளுத்தியது என்றார்கள், சிகரெட் என்றார்கள், கண்ணாடிப் போத்தலில் வெயில் பட்டது என்றார்கள். மத்தியானம் தொடங்கிய தீ மறுநாளும் அணையவில்லை. தீயணைக்க வந்த பொம்பாக்காரர்கள் குழாயை எவ்வளவு தூரம்தான் மேலே இழுப்பார்கள்? அக்கா அடுக்குமாடி நடையில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டே எனக்கு போன் செய்தார். வழக்கமான கேள்வி, ஆனால் ஆள் மாறியிருந்தது.

"தம்பி, மலை இருக்கா?"

மலைக்கு என்ன, அது இருக்கும். "இருக்கும்க்கா," என்றேன். "இருக்கும் வேற, இருக்கு வேற," என்றார்.

பாதை திறந்ததும் ஏறினோம். சில்வண்டு இல்லை. அந்த மலையில் சில்வண்டுச் சத்தம் நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அது நின்றதும் காது அடைத்துவிட்டதோ என்று தட்டிக்கொண்டேன். நிலம் முழுக்கச் சாம்பல், நடுநடுவே வெளுத்துப்போன நத்தை ஓடுகள், பீங்கான் பொத்தான்களை யாரோ கொட்டிவிட்டுப் போனது மாதிரி. நின்றபடி கரியான மரங்கள். காலையில் கொட்டகைக்கு மேலே வந்து எங்களை முறைக்கும், கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி போட்ட கருங்குரங்குகள் எங்கே போயின என்று தெரியவில்லை. கொட்டகை மட்டும் தப்பித்திருந்தது, சுற்றிலும் பெருக்கிய மண் என்பதால். அதன் ஓரத்தில் நின்ற காட்டு ஜம்பு மரம் பாதி தப்பியிருந்தது.

பாதி என்றால் அப்படியே பாதி. மேட்டுப் பக்கம் அடியிலிருந்து ஆளுயரத்துக்குமேல் கரி. பள்ளத்துப் பக்கம் பட்டை இன்னும் பழுப்பாக இருந்தது. இலை ஒன்றுகூட இல்லை. கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் சேர்ந்துவிடும் பருமன். தலை கொட்டகைப் பக்கம் சாய்ந்திருந்தது.

ஆ பெக் ரம்பத்தோடு நின்றார். "இது மாத்தி லா," என்றார். மாத்தி என்றால் மலாயில் செத்தது. "விழும். தகரம் மேல விழும். வெட்டு."

அக்கா மோட்டார்ச் சாவியை எடுத்தார். பழுப்புப் பக்கத்தில், தன் நெஞ்சு உயரத்தில், பட்டையை மெல்லச் சுரண்டினார். சரக், சரக். மெல்லிய தோல் உரிந்தது. உள்ளே ஈரமாக, குழந்தையின் நகத்தளவு பச்சை.

"இருக்கு!" என்றார். அந்தக் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. "ஆ பெக், பாரு, இருக்கு!"

ஆ பெக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். ரம்பத்தைக் கீழே வைத்தார். பச்சை இருக்கிறவரை வெட்டுவதில்லை, பச்சை இல்லையென்றால் அன்றே வெட்டிவிடுவது என்று பேச்சானது. நியாயமான பேச்சு. கொட்டகையில் எல்லாரும் தலையாட்டினோம்.

அன்று இறங்கும்போதுதான் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. ஒரு வளைவில் "இரு" என்று நின்றவர், சாம்பலைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தூங்குறாருன்னு நெனச்சேன் தம்பி. காலையில கோப்பி கலக்கி மூடி வச்சேன். எந்திரிக்கல. ஆறிப்போச்சுன்னு திட்டுனேன். பாசாருக்குப் போய் மீன் வாங்கியாந்து, அதையும் கழுவிக்கிட்டே திட்டுனேன். அவ்ளோ நேரமும் செத்தவர லா திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். நான் யாரு? மைக்ரோஸ்கோப்புல ரோமம் விழுந்தா கண்டுபிடிக்கிறவ."

சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என் கையைத் தொட்டு, சூடாக இருக்கிறதா என்று பார்த்தார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு அந்த மரத்துக்குத் தினமும் பரீட்சை. அக்கா வந்ததும் போத்தலை ஊற்றுவார், சாவியை எடுப்பார், நேற்றுச் சுரண்டிய இடத்துக்குப் பக்கத்தில் சுரண்டுவார். பச்சை. "பாஸ்." சில நாள் ஆ பெக்கே சந்தேகப்பட்டு இன்னொரு இடம் காட்டுவார். அங்கேயும் பச்சை. கொட்டகைக்கு வருகிற மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். அக்கா வராத நாளில் மணி ஐம்பது காசால் சுரண்டிப் பார்த்து, அவருக்கு போன் போட்டுச் சொல்வான். நானும் நகத்தால் சுரண்டியிருக்கிறேன். அந்தப் பச்சையைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. மலை முழுக்கக் கறுத்திருக்கும்போது, விரல் நுனியில் அந்த ஈரம். யாருக்குத்தான் கை போகாது?

இதற்கிடையில் மலை எங்களைக் கேட்காமல் ஏதோ செய்துகொண்டிருந்தது.

முதல் மழைக்கே லாலாங் புல் கத்தி முனைகளாகக் கிளம்பியது. சாம்பல் சேறாகி வழிந்தோட, அதன் மேலே புல். பாறை ஓரங்களில் சுருண்ட விரல்களாக ரேசாம் பெரணி. கரியான மரங்களைத் தேடி மரங்கொத்தி வந்து தட்டியது. அழுகலுக்குள் புழு இருந்திருக்கவேண்டும். வெண்கல நிறத்தில் ஒரு அரணை, எங்கிருந்தது இத்தனை நாள், சாம்பல் மேல் வெயில் காய்ந்தது. மஞ்சள் அடிவால் கொண்ட ஒரு கொண்டைக்குருவி வந்தது. நின்ற கரிக்கொம்பில் உட்கார்ந்து எச்சமிட்டுப் போனது. எச்சம் விழுந்த இடங்களில் செண்டுடுக் செடிகள். ஊதாப் பூ, தின்றால் நாக்கைக் கறுப்பாக்கும் பழம். மணி தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்ட, அக்கா "ரிஜெக்ட்" என்றார். பிறகு மஹாங். குடை போன்ற இலை, குழாய் போன்ற தண்டு, தண்டுக்குள் குடியிருக்கும் எறும்பு. ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். எறும்புகள் வெளியே ஓடிவந்து என்னைக் கடித்தன. அவை எப்போது குடிவந்தன, யார் சொல்லி வந்தன?

இவையெல்லாம் முன்பு அங்கே இருந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்தது நிழல், உயரம், ஈரச் சருகு. இது வெயில், புதர், பூச்சி. காடு திரும்பி வருகிறதா? அல்லது வேறு ஒன்று வந்து காட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்கிறதா? ஆ பெக் எதைக் காட்டினாலும் "பழசு மாத்தி, பழசு மாத்தி" என்பார். மாத்தியை மட்டும் அவர் மலாயில் சொல்கிறார், செத்துப்போச்சு என்று. என் காதில் தமிழாக விழும், பழசை மாத்தி. பழசை மாத்தி என்ன செய்தார்கள்? பாதி வாக்கியத்தில் தொங்கிக்கொண்டு நான் இறங்கி வருவேன். ஒரு முறை அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"செத்துச்சா, மாத்திக்கிச்சான்னு எனக்குப் புரியலக்கா."

"எனக்கு மட்டும் புரியுதா? நான் பார்க்குறது ஒரு மரம். பார்க்காதது எல்லாம் அதுபாட்டுக்கு வருது. இதுங்கள யாரு கேட்டா?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு ஒரு செண்டுடுக் பூவைத் தொடப் போய், தொடாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஜம்புவின் உச்சியில் ஒரு காலை செந்நிறத் துளிர் கண்டோம். காட்டு ஜம்பு அப்படித்தான், இலை பிறக்கும்போது சிவப்பு. அக்கா பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார். ஆ பெக் அன்று தேநீரில் பால் டின்னைக் கவிழ்த்தே ஊற்றினார். டாக்டரை மறந்து நானும் குடித்தேன். ரம்பம் கொட்டகையின் பரணுக்குப் போனது.

துளிர் பச்சையாக மாறி விரியும் என்று காத்திருந்தோம். விரியவில்லை. ஓரம் சுருண்டது. தொங்கியது. ஒரு மழைக்குப் பிறகு பார்த்தால் பாதி உதிர்ந்திருந்தது.

அன்று அக்கா சாவியை எடுத்துக்கொண்டு மரத்திடம் போனார். இடது கையால் பட்டையைத் தடவினார். கை நகர்ந்தது. ஒரு வடு, அடுத்த வடு, அதற்கடுத்தது. அவருடையது, மணியுடையது, ஆ பெக் காட்டியது, என் நகம். எல்லாம் நெஞ்சு உயரத்தில், வசதியான உயரம். பழைய வடுக்கள் காய்ந்து கட்டையாகி, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கோடாகியிருந்தன. கோட்டின் ஒரு முனை கரியில் போய் முட்டியது. அவர் கையோடு சுற்றி வந்தார். மறுமுனையும் கரியில் முட்டியது.

"தம்பி," என்றார், "எங்க சுரண்டுறது? எடமே இல்ல."

மரத்தின் உயிர் கட்டைக்குள்ளே இல்லை, பட்டைக்கு அடியில் அந்த மெல்லிய பச்சையில்தான் ஓடுகிறது, சுற்றிலும் அறுந்தால் மரம் அதோடு சரி என்று எங்கோ படித்திருந்தேன். படித்தது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வரவேண்டுமா? தீ பாதிப் பட்டையைத் தின்றது. மிச்சப் பாதியில் மரம் பிழைத்துக் கிடந்தது. அது பிழைத்துக் கிடக்கிறதா என்று அந்தப் பாதியை நாங்கள் தின்றோம். நான் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. உருப்பெருக்கிக்குள் ரோமத்தைக் கண்டுபிடிக்கிறவர் அவர்.

"எப்படியும் செத்திருக்கும்க்கா," என்றான் மணி. "நெருப்புல வெந்த மரம்."

இருக்கலாம். வறட்சியால் இருக்கலாம், வேர் வெந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா சாவியைப் பையில் போட்டார். "ஆ பெக்," என்றார், "வெட்டு. ரிஜெக்ட்."

ஆ பெக் பரணிலிருந்து ரம்பத்தை எடுக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டு வெட்டினார். அந்தக் கட்டையின் மேல் கெத்தலை வைக்க வசதியாக இருந்தது.

மறுநாள் காலை எனக்கு போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மணிக்கும் இல்லை. ஆ பெக் இருமக் காத்திருந்து, இருமாமல் விட்டார். அக்கா மலைக்கு வந்தார், போத்தலை ஊற்றினார், மணி பெஞ்சில் குறட்டைவிட்டால் பேசாமல் தேநீர் குடித்தார். ஒரு முறை அவனே கண்ணைத் திறந்து, "என்னக்கா, மூக்குல வெரல் வைக்கல?" என்றான். "தூங்கு லா," என்றார். அவனுக்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

எனக்கும் சரிப்படவில்லை. ஒரு காலையில் நானே போன் போட்டேன்.

"இருக்கீங்களாக்கா?"

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். பிறகு, "என்ன தம்பி, சுரண்டுறியா?" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. போனில் முகம் தெரிவதில்லையே.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. லாலாங்கை மீறி மஹாங் ஆளுயரம் தாண்டியது. ஒரு நாள் சில்வண்டு. முதலில் ஒன்று, அடைபட்ட குழாய் திறப்பது போல விட்டுவிட்டு. பிறகு சரிவு முழுக்க. அந்த வாரமே, தப்பித்திருந்த உச்சிக் காட்டிலிருந்து கண்ணாடிக் குரங்குகள் இறங்கி வந்து இளந்தளிரைப் பறித்துத் தின்றன. ஒரு தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஆரஞ்சு நிறக் குட்டி. தீயின்போது அது பிறந்திருக்கவே வாய்ப்பில்லை. அதற்கு இதுதான் காடு. ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் ஒன்றும் இல்லை. பொறாமையாக இருந்தது எனக்கு.

அக்கா கெப்பாலா பத்தாசுக்குப் போவதாகச் சொன்னார். மகளுக்கு அங்கே அரசாங்க ஆபீசில் வேலை, வீடு பெரிது, அம்மா தனியாக ஜெலுத்தோங்கில் எதற்கு என்று கூப்பிட்டாள். பாலம் தாண்டினால் வந்துவிடுகிற ஊர்தான். ஆனாலும் தீவைவிட்டுப் போகிறவர்கள் போகிறவர்கள்தான்.

கடைசியாக ஏறிய அன்று கெத்தல் தரையில் இருந்தது. கட்டையின் மேல் இல்லை. "ஏன் ஆ பெக், கீழ வச்சிருக்க?" என்று மணி கேட்டான். ஆ பெக் தாடையால் காட்டினார். வெட்டிய கட்டையின் அடியில், மண்ணை ஒட்டி, நாங்கள் சுரண்டிய உயரத்துக்கு வெகு கீழே, பள்ளத்துப் பக்கத்திலிருந்து செக்கச்செவேலென்று துளிர்கள். கொத்தாக. எத்தனை நாளாக இருக்கின்றனவோ. கெத்தலின் சுடுதண்ணீர் சிந்தக்கூடாது என்று பெரியவர் யாரிடமும் சொல்லாமல் இடம் மாற்றியிருக்கிறார்.

அக்கா குந்தி உட்கார்ந்தார். கை பைக்குள் போனது. சாவி சிணுங்கியது. கை வெறுமையாக வெளியே வந்து, துளிருக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்றது, குளிர் காய்கிறவர் நெருப்புக்கு நேரே பிடிப்பதுபோல. அப்படியே கொஞ்ச நேரம். பிறகு முழங்காலை ஊன்றி எழுந்தார்.

"இது அதுவா, வேறயா ஆ பெக்?" என்று கேட்டார்.

"மாத்தி," என்றார் ஆ பெக், தேநீரை ஊற்றிக்கொண்டே. எந்த மொழியில் சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

அடிவாரத்தில் மகளின் காடி நின்றது. பின் சீட்டு நிறைய மூட்டைகள், துணி உலர்த்தும் கம்பி, ஒரு மாதா படம். மோட்டாரை மணிக்கே கொடுத்துவிட்டார். "ஸ்டாண்ட ஆட்டிப் பார்த்துட்டு எறங்கு," என்றார் அவனிடம். எனக்குத் தோளில் ஒரு தட்டு. சூட்டைப் பார்க்கிற தொடுகை இல்லை அது, வெறும் தட்டு. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கினேன்.

அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு மத்தியானம் பார்த்துவிட்டு வரலாம். காலையில் போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். கேட்காமல் இருப்பதுதான் அன்பா, அல்லது ஆறும் கோப்பியை மூடி வைத்துவிட்டு நான் மீன் கழுவிக்கொண்டிருக்கிறேனா? ஜம்புத் துளிர்கள் இப்போது என் இடுப்புக்கு வந்துவிட்டன. அவற்றை மரம் என்று சொல்வதா, புதர் என்று சொல்வதா என்று கொட்டகையில் இன்னும் தகராறு.

அன்று அவரை ஏற்றிக்கொண்டு காடி கிளம்பியது. சாலைக்குத் திரும்பும் முன் வேகம் குறைந்து, அவர் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியது. எதையோ மறந்துவிட்டார், திரும்பி வரப் போகிறார், என்னை அங்கேயே நிற்கச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நின்றேன். காடி திரும்பவில்லை. போய்விட்டது. அவர் சொன்னது ஒரே சொல், அதையும் இரண்டு முறை.

"இரு தம்பி. இரு."